வாசிக்கத் தெரியாதவர்களும் இருக்கும் வகுப்பில் ஆங்கிலம்: தரம் 6 முதல் 9 வரை கற்பிப்போருக்கு

தரம் 6க்கு வரும் பிள்ளை தரம் 3 தொடக்கம் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்திருக்கிறது. கணக்குப்படி பாடநூலின் முதல் பக்கத்தை வாசிக்க வேண்டும். ஆனால் முல்லைத்தீவு மாவட்டத்தின் மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு வகுப்புக்குள் போய்ப் பாருங்கள். கடகடவென்று வாசிப்பவர் சிலர், தட்டுத் தடுமாறுபவர் பலர், எழுத்தே பிடிபடாதவர் சிலர் என்று மூன்று வகுப்புகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். பாடநூல் முதலாமவருக்கு எழுதப்பட்டது. அதை வரிவரியாகத் தமிழில் சொல்லி, விடையைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தெழுதவிட்டால் எல்லாக் கொப்பியும் நிரம்பும், மேற்பார்வைக்கு வருபவருக்கும் காட்டலாம். தவணைப் பரீட்சையில் அதே பிள்ளை தன் பெயரை எழுதிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே முதல் அலகைத் தொடங்குமுன் யாருக்கு வாசிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று பிள்ளை பிள்ளையாகப் பாருங்கள்.

இரண்டு நிமிடச் சோதனை

ஒரு ஏ4 தாளில் நான்கு பகுதி. முதலாவதில் 26 சிறிய எழுத்துகளும் வரிசை குலைத்து. இரண்டாவதில் பூனை, தொப்பி, பேனை, பன்றி, பஸ் போன்றவற்றுக்கான மூன்றெழுத்துச் சொற்கள் 10. மூன்றாவதில் எந்தப் பந்தியிலும் திரும்பத் திரும்ப வரும் சிறு சொற்கள் 10. நான்காவதில் தரம் 4 மட்டத்தில் நான்கு வசனம். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். 35 பிள்ளைகள் என்றால் 70 நிமிடம். அதை நான்கு பாடவேளைகளுக்குப் பகிர்ந்து, மற்றவர்கள் எழுத்து வேலை செய்யும்போது ஒவ்வொருவராகப் பின்வாங்குக்கு அழையுங்கள். எல்லோர் முன்னாலும் எழுப்பி வாசிக்க விட்டால் தெரிந்த பிள்ளையும் வாய் திறக்காது.

பாடநூலிலுள்ள பந்தியைச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். அண்ணன், அக்கா படித்ததைக் கேட்டே அதை மனப்பாடமாக ஒப்புவிக்கும் பிள்ளைகள் உண்டு. சந்தேகம் வந்தால் கடைசிச் சொல்லில் விரலை வைத்துப் பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் அந்த இடத்தில் நின்றுவிடும்.

பிழையை வெறுமனே எண்ணாமல் வகையைக் குறியுங்கள். எழுத்தின் பெயர் தெரிந்து ஒலி தெரியாதவர், முதலெழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகிப்பவர், பஸ்ஸின் முதலெழுத்தையும் நாயின் முதலெழுத்தையும் இடம் வலம் மாற்றுபவர் என மூவருக்கும் மருந்து வெவ்வேறு.

இதை வைத்து மூன்று குழு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களின் பெயரை வையுங்கள். ஏ, பீ, சீ என்று வைத்தால் எது கடைசி என்று முதல் நாளே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

எழுத்தின் பெயரும் ஒலியும்

நேரத்தை அதிகம் போட வேண்டிய இடம் இதுதான். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. 'ஆ'வை ஆ என்கிறோம், 'மை'யை மை என்கிறோம், சேர்த்தால் 'ஆமை' வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளையிடம் 'சீ, ஏ, ரீ' என்று மூன்று பெயரைச் சொல்லி இதுதான் பூனை என்றால் அதற்கு ஒரு தொடர்பும் தெரியாது. 'எச்' என்ற பெயரிலோ 'டபிள்யூ' என்ற பெயரிலோ அந்த எழுத்தின் ஒலியே இல்லை.

எழுத்தே பிடிபடாத குழுவுக்குப் பெயரை ஒதுக்கிவைத்து ஒலியைக் கொடுங்கள். அகரவரிசையில் போக வேண்டாம். எஸ், ஏ, ரீ, பென்சிலின் பீ, ஐ, என் என்ற ஆறையும் முதலில் எடுத்தால் அடுத்த வாரமே இருத்தல், தட்டுதல், ஊசி, தகரம் என்பவற்றுக்கான சொற்களைக் கூட்டி வாசிக்கலாம். நாளுக்கு ஒரு ஒலி, ஏழாம் நாள் கூட்டல். ஒலியைச் சொல்லும்போது பின்னால் 'அ' ஒட்டவிடாதீர்கள். 'ஸ' அல்ல, 'ஸ்ஸ்'. 'ஸ-அ-ற்ற' என்று சொல்லிப் பழகிய பிள்ளையால் மூன்றையும் ஒட்ட முடியாது.

எங்கள் பேச்சுத் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. 'பற்று', 'வெற்றி' என்று நாங்கள் சொல்லும்போது நாக்கு போய்த் தொடும் இடம் ஆங்கில 'ரீ' எழுத்தின் ஒலிக்கு மிகக் கிட்ட. 'கன்று' என்பதில் வரும் ஒலி, கை, மணல் என்பவற்றின் ஆங்கிலச் சொற்கள் முடியும் ஒலிக்குக் கிட்ட. அங்கிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டுக் காணொளிகளைப் போட்டுப் பழக்கினால் நாக்கு மடிந்து 'ட'வுக்குப் போய்விடும், பிறகு திருத்துவது வீண்வேலை.

வசதியில்லாத இடம் பஸ்ஸின் பீயும் பென்சிலின் பீயும். இரண்டு சென்ரிமீற்றர் அகலம், பத்து சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு தாள் துண்டை உதட்டுக்கு முன்னால் தொங்கப் பிடிக்கச் சொல்லுங்கள். பென்சிலின் முதல் ஒலிக்குத் தாள் துள்ளவேண்டும், பஸ்ஸுக்கு அசையக்கூடாது. காற்றாடியைப் போட்டுவிட்டுச் செய்தால் எல்லாத் தாளும் ஆடும்.

ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைக்கும் பழக்கம் ஏறக்குறைய எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதை நிறுத்துங்கள். பிள்ளை 'பிக்' என்று எழுதிவைக்கும். அது பன்றியா, பெரியதா? தமிழ் எழுத்து இரண்டையும் பிரிக்காது. அதோடு, மேலே தமிழ் இருக்கும்வரை கண் கீழே இறங்காது. கருத்தைத் தமிழில் எழுதட்டும், அதுவும் கொப்பியின் கடைசிப் பக்கங்களில்.

கூட்டி வாசிக்க முடியாத அடிக்கடிச் சொற்களுக்கு எட்வேர்ட் டொல்ச் தொகுத்த 220 சொற்களின் பட்டியல் இணையத்தில் இலவசம். வாரம் ஐந்து எடுத்தால் 30 வாரத்தில் 150, மிச்சம் அடுத்த ஆண்டின் முதற் பாதியில் முடியும். பிறிஸ்ரல் போட்டில் வெட்டிய அட்டைகளில் சிறிய எழுத்திலேயே எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதிய அட்டையை வாசிக்கும் பிள்ளை புத்தகத்தில் அதே சொல்லை அடையாளம் காணாது.

40 நிமிடத்தைப் பிரித்தல்

முதல் 5 நிமிடம் வாய்ப்பேச்சு: திகதி, மழை வெயில், யார் வரவில்லை. ஒரு மாணவர் நடத்தும்படி பழக்கிவிட்டால், முதலாம் பாடவேளையில் பஸ் பிந்தினாலும் வகுப்பு தானாக ஓடும். அடுத்த 12 நிமிடம் குழு வாசிப்பு. நீங்கள் எழுத்துப் பிடிபடாத குழுவோடு இருக்க, மற்ற இரண்டும் சோடியாக வாசிக்கட்டும். 15 நிமிடம் பாடநூல், 8 நிமிடம் எழுத்து.

பாடநூல் பகுதியில் புதுச்சொல் ஆறுக்கு மேல் வேண்டாம். கருத்தைத் தமிழில் நேரே சொல்லிவிடுங்கள். 'நேர்மை' என்பதை நடித்துக் காட்டப் போய் ஐந்து நிமிடம் போவதைவிட அது நல்லது. பிறகு ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, விடையைத் தேடி மௌனமாக வாசிக்க விடுங்கள். முழு வகுப்பும் கோரஸாக வாசித்தால் நாலைந்து குரல் முன்னே போகும், மற்றவர் உதடு மட்டும் அசையும். கேட்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

வசனமும் எழுத்தும்

தமிழில் 'இரண்டு மாடு' பிழையில்லை. அதனால்தான் ஆங்கிலத்தில் பன்மையின் 'எஸ்' விழுந்துபோகிறது. விதியை எத்தனை தரம் எழுதினாலும் பலன் குறைவு. சொற்களை அட்டைகளில் எழுதிப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்துங்கள். ஒருவருக்கு 'எஸ்' மட்டும் எழுதிய அட்டை. எண் ஒன்றைத் தாண்டியதும் அவர் ஓடிவந்து மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். தாமதித்தால் வகுப்பே கூப்பிடும். 'அவன்', 'அவள்' என்று தொடங்கும் நிகழ்கால வசனத்தில் அதே பிள்ளை வினைச்சொல்லுக்குப் பக்கத்துக்கு ஓடும். வினை கடைசியில் வரும் தமிழ் ஒழுங்கை மாற்றவும் இதே வரிசைதான்: முதலில் தமிழ் ஒழுங்கில் நிறுத்தி, வினையை வைத்திருப்பவரை முன்னுக்கு நடக்கச் சொல்லுங்கள்.

கட்டுரை என்றால் 'என் பாடசாலை'யை மனப்பாடமாக எழுதுவது என்றாகிவிட்டது. அதற்குப் பதில் ஐந்து வசனத்தின் தொடக்கங்களை மட்டும் கொடுத்து, தங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி முடிக்க விடுங்கள். திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரே வகைப் பிழை: இந்த வாரம் 'எஸ்', அடுத்த வாரம் வசனத் தொடக்கத்தின் பெரிய எழுத்து. வட்டம் மட்டும் போடுங்கள், சரியானதை எழுதிக் கொடுக்காதீர்கள். நாளுக்கு ஒரு குழுவின் கொப்பி போதும்.

மார்கழி மழையிலும் பெரும்போக அறுவடையிலும் பாதி வகுப்பு வராது. அந்த நாட்களில் புதுப்பாடம் எடுத்தால் திரும்ப எடுக்க வேண்டிவரும். கதை வாசிப்புக்கு ஒதுக்குங்கள்.

எங்கே என்ன கிடைக்கும்

பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலும், ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்திலும் பீடிஎஃப் ஆக உண்டு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரவாரியாகப் பயிற்சிகள் இருக்கின்றன. செயற்பாட்டு யோசனைகளுக்குப் பிரிட்டிஷ் கவுன்சிலின் ரீச்சிங் இங்கிலிஷ் தளம் நல்லது. எல்லாவற்றிலும் உதவியானது ஸ்ரோறிவீவர். இந்தியாவின் பிரதம் புக்ஸ் நடத்தும் இலவசக் கதைத்தளம். நான்கு வாசிப்பு மட்டங்கள், பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும். தரம் 6 என்பதால் நான்காம் மட்டத்தைத் தேடாதீர்கள், முதல் இரண்டே போதும். சிக்னல் உள்ள இடத்தில் இறக்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சிட வழியில்லாவிட்டால் ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கக் கைப்புத்தகம் செய்யலாம். தாளை எட்டாக மடித்து விரியுங்கள். அகலப் பக்கமாக ஒருமுறை பாதியாக மடித்து, மடிப்பு ஓரத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே அடுத்த மடிப்புவரை மட்டும் வெட்டுங்கள். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் புத்தகம். பக்கத்துக்கு ஒரு வசனமும் ஒரு படமும். சரளமாக வாசிக்கும் குழு எழுதி, மற்றக் குழுக்கள் வாசிக்கட்டும்.

ஏ9 வீதியின் மும்மொழிப் பெயர்ப்பலகைகளும் வாசிப்புப் பொருள்தான். பரந்தன், மாங்குளம், முறிகண்டி என்று ஒலி ஏற்கனவே தெரிந்த பெயரில் எழுத்தைப் பிடிப்பது எளிது. ஒரு எச்சரிக்கை: பரந்தனில் 'த'வுக்குப் போடும் ரீ-எச் சோடி ஆங்கிலச் சொற்களில் வேறு ஒலி தரும். அதை அன்றே சொல்லிவிடுங்கள். சவர்க்கார உறை, மருந்துப் பெட்டி, யூரியாப் பை எல்லாவற்றிலும் ஆங்கிலம் உண்டு. வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவரச் சொன்னால் செலவில்லை.

தவணை முடிவில் அதே இரண்டு நிமிடச் சோதனையை, வரிசை மாற்றி, வேறு நான்கு வசனத்தோடு திரும்பச் செய்து குழுக்களை மாற்றுங்கள். இரண்டு தவணையாக நகராத பிள்ளை இருந்தால், முதலில் முன்வாங்கில் இருத்திக் கரும்பலகையிலிருந்து ஒரு வரியைப் பார்த்தெழுதச் சொல்லுங்கள். பின்வாங்கில் எழுதியதைவிடப் பிழை குறைந்தால் கண்ணைச் சந்தேகிக்க வேண்டும். அதிபரிடம் சொல்லி, பெற்றோரை அழைத்துப் பேசி, அடுத்த பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் அந்தப் பிள்ளையைக் கட்டாயம் காட்டுங்கள். அதுவரை முன்வாங்கிலேயே இருக்கட்டும்.