சிங்கப்பூரின் அரும்பொருளக வட்டாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு நாள் நடை

சிங்கப்பூருக்கு முதல்முறை வரும் நம்மவர்களின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். செந்தோசா, கார்டன்ஸ் பை த பே, மெர்லயன் முன்னால் ஒரு படம், லிட்டில் இந்தியாவில் சாப்பாடு, முஸ்தஃபாவில் சாமான். எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் தோபி காட் ரயில் நிலையத்துக்கும் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்துக்கும் நடுவே, சுமார் இரண்டு கிலோமீட்டருக்குள், ஒரு மலைப் பூங்காவும் பெரிய அரும்பொருளகங்களும் பழைய தேவாலயமும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கமே வராமல் ஊர் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அவர்களுக்காகத்தான் இந்தச் செய்முறை.

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: வரிசை. மலை முதலில், தேசிய அரும்பொருளகம் அடுத்து, ஆறு கடைசியில். வெயில் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. மலையில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பொருளும், ஆற்று முனையில் நின்ற பாறையின் துண்டும் அரும்பொருளகத்தில் இருக்கின்றன. கிடைத்த இடத்தை மிதித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பேச ஆரம்பிக்கும்.

படி 1: முந்தைய நாள் இரவு

நீங்கள் பார்க்கப்போகும் அரும்பொருளகங்களின் இணையதளங்களைத் திறந்து, அன்றைக்கு எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று பாருங்கள். தேசிய அரும்பொருளகத்தில் 2023 முதல் கட்டடச் சீரமைப்பு நடப்பதால் சில பகுதிகளைக் கட்டம் கட்டமாக மூடி வருகிறார்கள். உள்ளூர் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிகள் இலவசம். சுற்றுலாப் பயணிகளுக்குக் கட்டணம் உண்டு. மாணவர்களுக்கும் மூத்தோருக்கும் சலுகை இருக்கும், வயதைக் காட்ட ஏதாவது அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

பையில் வேண்டியவை: குடை, தண்ணீர் பாட்டில், மெல்லிய சால்வை அல்லது முழுக்கைச் சட்டை. வெளியே வியர்த்துக் கொட்டும், உள்ளே ஏசி நடுக்கும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். எம்ஆர்டி என்னும் நகர ரயிலில் உங்கள் வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போக முடியாது. ரயிலுக்குள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, அபராதம் உண்டு.

படி 2: காலை 8 மணிக்கு மலை

தோபி காட் நிலையத்தில் இறங்கி ஃபோர்ட் கேனிங் பூங்காவுக்கான வழிகாட்டிப் பலகையைப் பின்தொடருங்கள். சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை ஒரு சுழல் படிக்கட்டில் முடியும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் வட்டமான வானமும் குறுக்கே கிளை பரப்பிய மரமும் தெரியும். படம் எடுக்க அங்கே எப்போதும் வரிசை நிற்கும். சீக்கிரம் போனால் நின்று எடுங்கள், கூட்டமாக இருந்தால் விட்டுவிட்டு ஏறுங்கள். பார்க்க வேண்டியது மேலேதான் இருக்கிறது. முட்டிவலி உள்ள பெரியவர்களுக்குப் பூங்காவில் சரிவுப் பாதைகளும் இருக்கின்றன.

இந்த மலைக்கு மலாய் மக்கள் வைத்திருந்த பெயர் புக்கிட் லாராங்கான், தடைசெய்யப்பட்ட குன்று. பழைய அரசர்கள் இங்கே வாழ்ந்தார்கள், இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள் என்ற நம்பிக்கையால் யாரும் ஏறமாட்டார்களாம். அதன் உச்சியில்தான், 1819-ல் இங்கே பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் தன் வீட்டைக் கட்டிக்கொண்டார். பிறகு 1859-க்கும் 1861-க்கும் இடையில் கோட்டை வந்தது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த கேனிங் பிரபுவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இன்று எஞ்சியிருப்பது கோட்டை வாசலும் கொஞ்சம் மதிலும்.

மேலே இரண்டு இடங்களில் நிதானமாக நில்லுங்கள். ஒன்று, கூரை போட்டுப் பாதுகாத்திருக்கும் அகழாய்வுக் குழி. சிங்கப்பூரின் முதல் முறையான அகழாய்வு 1984-ல் இந்த மலையில்தான் நடந்தது. சீனப் பீங்கான், மண்பாண்ட ஓடு, கண்ணாடித் துண்டு என 14-ஆம் நூற்றாண்டுப் பொருட்கள் கிடைத்தன. ராஃபிள்ஸ் வருவதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஓர் ஊர் இருந்தது என்பதற்கு மண்ணே சாட்சி சொல்லிவிட்டது.

இன்னொன்று மசாலாத் தோட்டம். ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டு வியாபாரம் செய்யலாம் என்று 1822-ல் ராஃபிள்ஸ் இந்த மலையில் ஒரு தாவரத் தோட்டம் தொடங்கினார். 1829-லேயே அதை மூடிவிட்டார்கள். அதன் நினைவாக அமைத்ததுதான் இப்போதைய தோட்டம். அஞ்சறைப்பெட்டியில் மட்டும் பார்த்த ஜாதிக்காயை மரத்தில் காட்டினால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். எதையும் பறிக்காதீர்கள். உதிர்ந்து கிடக்கும் இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கலாம்.

போர் வரலாற்றில் ஆர்வம் இருந்தால் பேட்டில்பாக்ஸ் என்னும் நிலவறையும் இங்கேதான். 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியரிடம் சரணடையும் முடிவை பிரிட்டிஷ் தளபதிகள் எடுத்த அறை அது. இல்லையென்றால் நேரே இறங்குங்கள்.

படி 3: தேசிய அரும்பொருளகம், 10 மணிக்குக் கதவு திறந்ததும்

மலையடிவாரத்தில், ஸ்டாம்ஃபோர்டு சாலையில், வெள்ளைக் கட்டடம். 1887-ல் திறந்தது. நுழைந்ததும் குவிமாடத்துக்கு அடியில் நின்று வண்ணக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாற்றுக் கூடத்துக்குப் போங்கள்.

முதல்முறை போகிறவர்கள் செய்வது, முதல் பலகையிலிருந்து ஒரு வரி விடாமல் படிப்பது. அரை மணியில் கால் வலிக்கும், கண் சொருகும், பிறகு எதுவும் மண்டையில் ஏறாது. அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு பொருளைத் தேடிக்கொண்டு போங்கள். வழியில் இழுத்துப் பிடிக்கிறவை தாமாக இழுக்கும்.

முதலாவது, தங்க நகைகள். 1928-ல் நீங்கள் இப்போது இறங்கி வந்த அதே மலையில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது கூலியாட்களுக்குக் கிடைத்தவை. கையில் அணியும் தோள்வளையைக் கிட்டே போய்ப் பாருங்கள். நடுவே பிதுங்கிய கண்களோடு ஒரு காலன் முகம், ஜாவா பாணி வேலைப்பாடு. நம் கோயில் கோபுரத்து யாளிமுகம் சட்டென்று ஞாபகத்துக்கு வரும்.

இரண்டாவது, சிங்கப்பூர்க் கல். ஆற்று முகத்துவாரத்தில் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்துக்கு, 50 வரிபோல எழுத்து செதுக்கிய மணற்பாறை ஒன்று நின்றது. வழியை அகலமாக்குவதற்காக 1843-ல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தப்பிய துண்டுதான் இங்கே இருப்பது. இன்றுவரை முழுமையாகப் படிக்க முடியவில்லை. இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் 2019-ல், அதில் ‘கேசரிவ’ என்று வருவதாகவும், சோழ மன்னர்களின் பட்டமான ‘பரகேசரிவர்மன்’ என்பதன் பகுதியாக அது இருக்கலாம் என்றும் எழுதினார். முடிவான செய்தி இல்லை, ஒரு கருதுகோள். இருந்தாலும் தேய்ந்த அந்த எழுத்துகளின் முன்னால் ஒரு தமிழர் ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும்.

தன்னார்வ வழிகாட்டிகள் நடத்தும் சுற்று இருக்கிறதா என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பதில் அவர்களுக்கு இருக்கும் மகிழ்ச்சியே தனி. படம் எடுக்கும்போது ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள்.

படி 4: சாப்பாடு

இட்லி, சாம்பார் இல்லாமல் ஆகாது என்பவர்கள் தோபி காட்டிலிருந்து ஊதா வழித்தடத்தில் ஒரே ஒரு நிலையம் போனால் லிட்டில் இந்தியா. மற்றவர்கள் சிட்டி ஹால் பக்கம் இருக்கும் உணவுக்கூடம் எதிலும் சாப்பிடலாம். இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும், இந்த நேரத்தில் கூரைக்கடியில் இருப்பது நல்லது.

படி 5: செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்

சிட்டி ஹால் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. உள்ளே வழிபாடு நடந்தால் அமைதியாக வெளியிலிருந்தே பாருங்கள், ஏனென்றால் நான் பார்க்கச் சொல்வது சுவரை. 1856 முதல் 1861 வரை இதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். பூச்சு, மதராஸ் சுண்ணாம்பு. மணல் சேர்க்காத சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் கலந்திருக்கிறார்கள். பூசிக் காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் பளபளக்கும்வரை தேய்த்திருக்கிறார்கள். நம் பக்கத்து வீடுகளில் தாத்தா காலத்துச் சுவர்கள் கண்ணாடிபோல மின்னுவதும் இதே கைப்பக்குவத்தால்தான். பெயர் தெரியாத அந்தக் கொத்தனார்களின் வேலை இங்கே நகரத்தின் நடுவில் நிற்கிறது.

படி 6: இரண்டில் ஒன்று

பாடாங் மைதானத்தை ஒட்டி, பழைய நகர மண்டபத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் இணைத்து 2015-ல் திறந்த தேசிய கலைக்கூடம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஆற்றங்கரையில் ஆசிய நாகரிக அரும்பொருளகம். ஒரே மதியத்தில் இரண்டையும் பார்க்க முயன்றால் இரண்டும் நிற்காது. ஓவியம் உங்களுக்கு உயிர் என்றால் கலைக்கூடத்துக்குப் போங்கள், பழைய நீதிமன்ற அறையையும் கைதிகளை வைத்த சிறு அறைகளையும் விடாதீர்கள். மற்ற எல்லாருக்கும் என் பரிந்துரை ஆற்றங்கரைதான்.

அங்கே முதலில் தாங் கப்பல் கூடம். 9-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து திரும்பிய மேற்காசியக் கப்பல் ஒன்று இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கியது, 1998-ல் கண்டெடுத்தார்கள். ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த கப்பல். சரக்கில் சீனாவின் சாங்ஷாவில் செய்த பல்லாயிரம் பீங்கான் கிண்ணங்கள். பெரிய சாடிகளுக்குள் அவற்றைச் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியதால் உடையாமல் தப்பியிருக்கின்றன. பூ, பறவை, மீன் எனக் கையால் தீட்டியவை, ஒன்றைப் போல மற்றொன்று இல்லை.

பிறகு சோழர் செப்புத் திருமேனிகள். பார்க்கும்போது இதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த அரும்பொருளகம் 2007-ல் வாங்கிய உமா பரமேஸ்வரி திருமேனி, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்டது எனத் தெரியவந்து, 2015-ல் இந்தியாவுக்கே திருப்பித் தர முடிவானது. ஒரு சிலை எப்படி இங்கே வந்தது என்று பெயர்ப்பலகையில் தேடிப் படிக்கும் பழக்கம் எந்த அரும்பொருளகத்திலும் நல்லது.

படி 7: ஆற்று முனை

வெளியே வந்து எதிர்க்கரையில் ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் பக்கம் பாருங்கள். காலையில் துண்டாகப் பார்த்த பாறை முழுசாக நின்றது அந்த முனையில்தான். இந்தக் கரையிலேயே நடந்தால் எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவ நினைவிடக் குறியீடு. 1945-ல் நேதாஜியின் படையினருக்காக எழுப்பிய சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டு இடித்தார்கள். 1995-ல் அந்த இடத்தை அடையாளமிட்டுப் பலகை வைத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழர்கள் அந்தப் படையில் ஏராளம்.

திரும்பி நடந்து, 1869-ல் கட்டிய கேவனா பாலத்தைக் கடந்தால் ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையம். இன்னொரு அரை நாள் கையில் இருந்தால் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கு ஒதுக்குங்கள். செதுக்கிய செட்டிநாட்டு நிலைக்கதவு ஒன்று அங்கே இருக்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். திங்கட்கிழமை விடுமுறை.