தனியார் கார் பார்க்கின் தண்டக் கடிதமும் 14 நாள் கணக்கும்

மார்ச் 1, 2025, சனிக்கிழமை. மாமிக்குத் திரைச்சீலை வாங்கப் போன கார், கடைத்தொகுதியின் இரண்டு மணி நேர இலவச எல்லையை 23 நிமிடம் தாண்டி நின்றுவிட்டது. ஓட்டியது யார் என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை. காரணம் கீழே வருகிறது. கமராவில் எண் பதிவாகி, 100 பவுண் கேட்டுக் கடிதம் வந்தது. 14 நாளுக்குள் கட்டினால் 60.

1. யார் அனுப்பியது?

கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், அனுப்பினால் அதில் 'பெனால்டி' என்ற சொல் இருக்கும். 'பார்க்கிங் சார்ஜ்' என்றிருந்தால் தனியார் நிறுவனம். 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்', 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்' இரண்டுக்கும் சுருக்கம் பிசிஎன்தான். இங்கே சொல்வது தனியாருக்கு மட்டும், அதுவும் இங்கிலாந்து, வேல்ஸில் மட்டும்.

2. குப்பையில் போடாதீர்கள்

'அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்லும் மாமாக்கள் 2012க்கு முந்திய காலத்தில் நிற்கிறார்கள். அந்த ஆண்டுச் சட்டம், ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டாலும் வாகனத்தின் கீப்பரிடம், அதாவது யார் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவரிடம், பணம் கேட்க வழி செய்தது. செம்ஸ்ஃபோர்டில் 56 நிமிடம் பிந்திய ஒருவரின் 85 பவுண் வழக்கு 2015இல் உச்ச நீதிமன்றம் வரை போய், நிறுவனமே வென்றது. அதனால் 'தொகை அநியாயம்' என்ற வாதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

3. ஓட்டியவரைக் காட்டிக்கொடுக்காதீர்கள்

நான் வழுக்கி விழுந்த படி இதுதான். சில வருடங்களுக்கு முன் இன்னொரு கடிதத்துக்கு, 'பிந்திவிட்டேன், மன்னிக்கவும்' என்று மரியாதையாகப் பதில் எழுதினேன். முழுத் தொகையையும் கட்டினேன். தமிழில் 'நிறுத்தினேன்' என்றால் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையை 'ஐ' என்ற ஒற்றை எழுத்து செய்கிறது. எனவே 'வாகனம் நிறுத்தப்பட்டது', 'ஓட்டுநர் வெளியேறினார்' என்றே எழுதுங்கள். செயப்பாட்டு வினை உருப்படியாகப் பயன்படும் இடம் இது. பொய் சொல்ல வேண்டாம். சொல்லாமல் விட்டால் போதும். ஓட்டியவர் பெயரைத் தனியார் நிறுவனத்துக்குச் சொல்லும் கட்டாயம் கீப்பருக்கு இல்லை. இணையப் படிவத்திலும் 'நான் ஓட்டுநர்' என்ற கட்டம் முதலில் நிற்கும். அவசரத்தில் அழுத்திவிடாதீர்கள்.

4. நாட்களை எண்ணுங்கள்

கண்ணாடியில் டிக்கெட் ஒட்டாமல் தபாலில் மட்டும் அனுப்பினால், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் கடிதம் கீப்பர் கையில் சேர வேண்டும். சேர வேண்டும் என்பதைக் கவனியுங்கள், அச்சடித்தால் போதாது. தபாலில் போட்டதற்குப் பின் இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும்.

என் கடிதத்தின் தேதி மார்ச் 14, வெள்ளி. பார்த்ததும் '13ஆம் நாள், போச்சு' என்று நினைத்தேன். சனி, ஞாயிறு வேலை நாள் அல்ல. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. சேர்ந்தது மார்ச் 18; கெடு முடிந்தது மார்ச் 15. இப்படிப் பிந்தினால் கீப்பரிடம் கேட்க முடியாது, ஓட்டியவரிடம் மட்டுமே கேட்கலாம். மூன்றாம் படியை நான் இவ்வளவு இழுத்ததும் அதற்காகத்தான்.

5. இரண்டு சுற்று

முதல் முறையீடு நிறுவனத்துக்கே, 28 நாளுக்குள். பெரும்பாலும் மறுப்பார்கள், மனம் தளர வேண்டாம். மறுப்புக் கடிதத்தில் பொப்லா (தனியார் பார்க்கிங் முறையீடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு) எண் இருந்தால் 28 நாளுக்குள் அங்கே போகலாம், இலவசம். அதன் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் 60 பவுண் சலுகை அதற்குள் போய்விடும். நிறுவனம் ஐபிசி என்ற பார்க்கிங் நிறுவனச் சங்கத்தில் இருந்தால் பொப்லா கிடையாது. அந்தச் சங்கத்துக்கான முறையீட்டு அமைப்பான ஐஏஎஸ்ஸிடம் 21 நாளுக்குள் போக வேண்டும்.

எனக்கு இணையப் படிவமே பிடிக்கும், ஒவ்வொரு திரையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால். தபால்தான் என்பவர்கள் தபாலகத்தில் அனுப்பியதற்கான சான்று கேட்டு வாங்குங்கள், காசில்லை. தொலைபேசியில் பேசவே வேண்டாம்; வாய் தவறி 'நான்' வந்துவிடும்.

என் விஷயத்தில் பொப்லாவுக்கு எழுதியதும் நிறுவனம் தானாகவே விலகிக்கொண்டது.

பின்சேர்க்கை: கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தது, 14 நாள் கணக்கு பொருந்துமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பொருந்தாது. அப்போது கீப்பருக்கான கடிதம் 28 நாள் கழிந்த பிறகு, 56 நாளுக்குள் வர வேண்டும். இன்னொருவருக்கு வசூல் நிறுவனம் வீட்டுக்கு வருவதாக மிரட்டியிருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் அவர்களால் ஒரு நாற்காலியைக்கூடத் தூக்க முடியாது. நீதிமன்றத்திலிருந்தே உறை வந்தால் மட்டும் அன்றே திறந்து பாருங்கள். பதிலுக்கு 14 நாள்தான்.