டோக்கியோவில் நல்ல சாப்பாட்டுக் கடையைப் பிடிப்பது எப்படி?

டோக்கியோவில் இறங்கியதும் 'பக்கத்தில் நல்ல ஜப்பானிய உணவகம்' என்று போனில் தேடாதீர்கள். சுஷி, ராமென் என்கிற நூடுல்ஸ் சூப், தெம்புரா என்கிற பஜ்ஜி மாதிரிப் பொரியல் என்று எல்லாவற்றையும் படம் போட்டு விற்கும் சுற்றுலாக் கடைகள்தான் வந்து நிற்கும். டோக்கியோவில் பேர் வாங்கிய கடைகளில் பல ஒரே ஒரு பண்டத்தைப் பிடித்துக்கொண்டவை, விலாங்கு மீன் கடை என்றால் விலாங்குதான், வேறெதுவும் கிடைக்காது. அதனால் முதலில் என்ன சாப்பிடுவது என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் அதற்குப் பேர்போன பேட்டைக்கு ரயில் ஏறுங்கள்.

மொஞ்சாவுக்கு சுகிஷிமா. மாவுக் கரைசலையும் முட்டைக்கோஸையும் சூடான இரும்புக் கல்லில் கொழகொழவென்று கிளறி, சின்னக் கரண்டியால் சுரண்டித் தின்பது. பார்க்கச் சகிக்காது, ஆனால் கை நிற்காது. சுமோ வீரர்கள் சாப்பிடும் சாங்கோ நாபே என்கிற கொதிசட்டிக் குழம்புக்கு சுமோ அரங்கம் இருக்கும் ரியோகோகு. கோழியைக் குச்சியில் குத்திச் சுடும் யாகிதோரிக்கு யூராகுச்சோ ரயில் பாலத்தின் அடி, மாலையில் ஆபீஸ் முடிந்த கூட்டத்தோடு. மீனுக்கு சுகிஜி என்பார்கள், அங்கே இருந்த மொத்த விற்பனை மீன் சந்தை 2018-இல் தொயோசுவுக்குப் போய்விட்டது, அதைச் சுற்றியிருந்த கடைகளான வெளிச்சந்தை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

என்னைக் கேட்டால் ஒரு வேளையாவது காண்டா பக்கம் பழைய சோபா (பக்வீட் மாவு) நூடுல்ஸ் கடைக்குப் போக வேண்டும். அங்கே 1880-இல் தொடங்கிய யாபு சோபா 2013-இல் தீயில் எரிந்து, அடுத்த ஆண்டே மறுபடி திறந்தது. சாப்பிட்டு முடித்ததும் நூடுல்ஸ் வெந்த தண்ணீர் வரும், மிச்சமிருக்கும் சாஸில் அதை ஊற்றிக் குடிக்க வேண்டும். வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள்.

கடைகளை ஒப்பிட உள்ளூர்க்காரர்கள் பார்ப்பது தபேலாக் என்கிற உணவக விமர்சனத் தளம். அதில் மதிப்பெண் ரொம்பக் கறார், ஐந்துக்கு 3.5 தாண்டினாலே நல்ல கடை, நம் ஊர் ஆப்களில் 4-க்குக் கீழே இருந்தால் ஒதுக்குகிற பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். விலை பயமுறுத்தும் சுஷி, தெம்புரா கடைகளுக்கு மதியம் போங்கள், பல இடங்களில் இரவு விலையில் ஒரு பங்குக்கே மதியச் சாப்பாடு கிடைக்கும். வாசலில் துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்துவிட்டால் மூடிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சைவக்காரர்கள் கவனிக்க: காய்கறி மட்டும் தெரிகிற கிண்ணத்திலும் மீன் சாறு இருக்கும், தெம்புராவுக்குத் தரும் சாஸ் உட்பட. புத்த மடாலயச் சமையலான ஷோஜின் ரியோரி கடைகளைத் தேடுவதுதான் வழி, அங்கேயும் மீன் சாறு உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இசகாயா என்கிற மதுக்கடை உணவகத்தில் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வந்து, பில்லிலும் சில நூறு யென் ஏறும். அது இருக்கைக் கட்டணம் மாதிரி, சண்டை போட வேண்டாம். டிப்ஸ் கிடையாது. ராமென் கடை வாசலில் சீட்டு மெஷின் இருந்தால் முதலில் காசு போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும், பழைய மெஷின்களில் பலவும் பத்தாயிரம் யென் தாளை வாங்காது, ஆயிரம் யென் தாள் நாலைந்து எப்போதும் பையில் இருக்கட்டும்.