கடற்காற்றில் ஸ்ட்ரோஜர்: பழைய எக்ஸ்சேஞ்சை ஓடும் நிலையில் காட்சிக்கு வைக்க

டயலைச் சுற்றும் துடிப்புக்கேற்பத் தண்டு நகர்ந்து, ஆபரேட்டர் இல்லாமலே போன்களை இணைக்கும் பழைய எக்ஸ்சேஞ்சுதான் ஸ்ட்ரோஜர். அதன் கருவிகள் மாட்டிய இரும்புச் சட்டமான ரேக்கை இறக்குகிறவர்கள் அவசரத்தில் வயர் கட்டைக் கத்தரித்துவிட்டால் பாதிக் கதை அங்கேயே முடிந்தது. ஒவ்வொரு முனையையும் போட்டோ எடுத்து, எண் ஒட்டி, பிறகு சால்டரை உருக்கிக் கழற்றுங்கள். சர்க்யூட் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத ரேக் காயலான் கடைச் சரக்குதான்.

காட்சிக்கு 6 போன் போதும். ஒவ்வொரு போனுக்கும் ஒரு லைன் சர்க்யூட்டும் யூனிசெலக்டரும் (காலியான ஃபைனல் செலக்டரைத் தேடிப் பிடிக்கும் சுழல் சுவிட்ச்), எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 ஃபைனல் செலக்டரும் (கூப்பிட்ட எண்ணோடு இணைப்பது) வேண்டும். ஒரே ஃபைனல் செலக்டர் வைத்தால் ஒரு நேரத்தில் ஒரு பேச்சுதான். ஃபைனல் செலக்டரில் முதல் இலக்கம் தண்டை மேலே தூக்கும், இரண்டாவது உள்ளே திருப்பும்: 10 வரிசை, வரிசைக்கு 10 இடம். அதனால் 11, 12 என்று எண் கொடுக்காதீர்கள். 23, 57, 90 என்று கொடுங்கள். 90 சுற்றினால் தண்டு ஒன்பது படி ஏறிப் பத்து படி திரும்பும். பிள்ளைகள் பார்க்க விரும்புவது அதைத்தான்.

மின்சாரம் 50 வோல்ட் டி.சி., 10 ஆம்பியர் ரெகுலேட்டட் சப்ளை. நேர்முனையைத்தான் எர்த்தில் கட்ட வேண்டும், அதுவும் ஒரே இடத்தில். மாற்றிக் கட்டினால் ஈரம் கசியும் இடத்திலெல்லாம் செம்புக் கம்பி அரித்துப்போகும். போன் மணி அடிக்க 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம் தனியாக வேண்டும். அது ஷாக் அடிக்கும். முனைகளை அக்ரிலிக் தகட்டால் மூடுங்கள், ஆனால் டக்டக் சத்தம் வெளியே கேட்க இடைவெளி விடுங்கள். பொது டெலிபோன் லைனோடு எந்த வகையிலும் இணைக்கக் கூடாது.

கடலூரிலும் புதுச்சேரியிலும் உண்மையான எதிரி உப்பு. தூசியோடு படிந்த உப்பு ஈரத்தை உறிஞ்சி, ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) சுருளின் மெல்லிய கம்பியைப் பச்சை பூக்க வைத்து அறுத்துவிடும். பகலில் ஏ.சி. போட்டு இரவில் அணைப்பதுதான் மிக மோசம்: குளிர்ந்த இரும்பில் வெளிக்காற்று பட்டு வியர்க்கும். ஒன்று டீஹியூமிடிஃபையரை (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) 24 மணி நேரமும் ஓட்டி ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வையுங்கள், இல்லை ஏ.சி.யே வேண்டாம். ரப்பர் மேட் விரிக்காதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளி கான்டாக்டை (மின்சாரம் தொட்டுப் பாயும் முனை) கறுக்க வைக்கும். மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய தளம்) வீட்டின் மாடியில் ரேக்கின் எடையை ஏற்றாமல் தரைத்தளத்திலேயே, ஓரடி உயர மேடை கட்டி நிறுத்துங்கள்.

கான்டாக்டை உப்புத்தாளால் தேய்த்தால் வெள்ளி போய்விடும். பர்னிஷரை (கான்டாக்டை மெருகேற்றும் மெல்லிய தகடு) இரண்டு மூன்று தடவை இழுத்தாலே போதும். வைப்பரும் (தண்டோடு நகரும் தொடுகை) பேங்கும் (அது தொடும் முனைகளின் வரிசை) ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டியவை. தண்டுக்கு மட்டும் மெல்லிய மெஷின் ஆயில் ஒரு சொட்டு. துரு நீக்கும் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், அதன் படலத்தில் தூசி ஒட்டிக் களியாகிவிடும்.

தப்பான எண் விழுந்தால் செலக்டரைத் தொடுவதற்கு முன் டயலைப் பாருங்கள். வேகம் விநாடிக்கு 10 துடிப்பு. 0 சுற்றி விட்டால் சுமார் ஒரு விநாடியில் திரும்ப வேண்டும். பார்வையாளர்கள் விரலோடு சேர்த்துத் தள்ளித் திருப்புவதும் காரணமாகும். “விரலை எடுத்துவிடுங்கள், தானே திரும்பும்” என்று ஒவ்வொரு போனருகிலும் எழுதி வையுங்கள். சுற்றும்போதே இணைப்பு அறுந்தால், மெதுவாக விடுபட வேண்டிய ரிலே சீக்கிரம் விடுகிறது. செலக்டர் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் தண்டில் காய்ந்த எண்ணெய்ப் பிசின் இருக்கும்.

சும்மா நிற்கும் ரேக்தான் கெடும். ஆள் வராத நாளிலும் எல்லா எண்ணுக்கும் ஒருமுறை சுற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரண்ட் இல்லாமல் கிடந்தால் பருத்தித் துணியால் போர்த்துங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். மறுபடி இயக்குமுன் ஒரு நாள் முழுக்க ரேக்கின் அடியில் 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு உலர்த்துங்கள். துணியை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.