ஒளிமின் விளைவுக் கணக்கு: உந்தம் எங்கே போகிறது?

அக்கா மகளுக்கு பிளஸ் டூ இயற்பியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். பாடம் ஒளிமின் விளைவு, அதாவது ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியே வருவது. "மாமா, மோதல் கணக்குல எல்லாம் உந்தம் மாறாதுன்னு எழுதுறோமே, இதுல மட்டும் ஏன் ஆற்றலோட நிறுத்திக்கிறோம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகு கிடைத்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

கணக்கு இது: சோடியத்தின் மீது 400 நானோமீட்டர் ஊதா ஒளி விழுகிறது. சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் (எலக்ட்ரானை வெளியே எடுக்கக் குறைந்தபட்சம் தேவைப்படும் ஆற்றல்) 2.28 எலக்ட்ரான் வோல்ட்.

முதலில் ஃபோட்டானின், அதாவது ஒளியின் ஒரு பொட்டலத்தின், ஆற்றல். இந்த இடத்தில் ஜூல் பக்கமே போகாதீர்கள். 1240ஐ நானோமீட்டர் அலைநீளத்தால் வகுத்தால் நேராக எலக்ட்ரான் வோல்ட்டில் விடை வந்துவிடும், நமக்கு 3.10. (பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கி அலகை மாற்றினால் கிடைப்பதுதான் அந்த 1240.)

அடுத்தது வெறும் கழித்தல். 3.10இல் 2.28 போக 0.82 எலக்ட்ரான் வோல்ட், அதுதான் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல். நிறுத்து மின்னழுத்தம் (அந்த எலக்ட்ரானைத் தடுத்து நிறுத்தத் தேவையான மின்னழுத்தம்) கேட்டால் 0.82 வோல்ட் என்று எழுதிவிடலாம், தனிக் கணக்கு வேண்டாம். இதுவே 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி என்றால் 1.91தான் வரும், வாசலையே தாண்டாது, விளக்கை எத்தனை பிரகாசமாக வைத்தாலும் சரி. 1905இல் ஐன்ஸ்டைன் இதைச் சொன்னபோது இயற்பியலாளர் மில்லிகன் நம்பவில்லை. வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தி வைத்து, உலோகத்தைச் சீவிச் சீவிப் புதுப் பரப்பில் அளந்து பார்த்தார், 1916இல் அவர் வெளியிட்ட அளவுகள் ஐன்ஸ்டைன் சமன்பாட்டோடு அப்படியே பொருந்தின.

சரி, இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம், உந்தம். ஃபோட்டானுக்கு நிறை இல்லை, அதனால் நிறையைத் திசைவேகத்தால் பெருக்கும் பழைய சூத்திரம் இங்கே உதவாது. பிளாங்க் மாறிலியை அலைநீளத்தால் வகுக்க வேண்டும்: 1.66×10⁻²⁷ கி.கி. மீ/வி. எலக்ட்ரானுக்கு, இயக்க ஆற்றலை ஜூலுக்கு மாற்றி (1.31×10⁻¹⁹), அதை எலக்ட்ரான் நிறையின் இருமடங்கால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 4.9×10⁻²⁵. கிட்டத்தட்ட 300 மடங்கு! எங்கோ அடுக்கைத் தவறாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை திரும்பப் போட்டேன், அதே விடைதான். போதாக்குறைக்கு ஒளி உலோகத்துக்குள் போகிறது, எலக்ட்ரானோ வெளியே வருகிறது, திசையே தலைகீழ்.

விடை உலோகத்திடம் இருக்கிறது. ரப்பர் பந்தைச் சுவரில் அடித்துப் பாருங்கள். பந்து ஏறக்குறைய அதே வேகத்தில் திரும்பி வரும், சுவர் அசையாது. பந்தின் உந்தம் திசை மாறியதே, அந்த மாற்றம் முழுக்கச் சுவருக்குப் போனது, ஆனால் ஆற்றல் போகவில்லை. ஏனென்றால் இயக்க ஆற்றல் என்பது உந்தத்தின் வர்க்கத்தை நிறையின் இருமடங்கால் வகுப்பது, நிறை மலை போல இருந்தால் ஈவு ஒன்றுமில்லாமல் போய்விடும். சோடியத் துண்டும் அப்படித்தான் உந்தத்தை வாங்கிக்கொள்கிறது, ஆற்றலில் பங்கு கேட்பதில்லை. அதனால்தான் ஆற்றல் சமன்பாட்டில் உலோகத் துண்டின் அசைவுக்கென்று தனியாக எதையும் நாம் எழுதுவதில்லை.

அந்தத் துணை இல்லாத தனி எலக்ட்ரான் ஃபோட்டானை முழுசாக விழுங்கவே முடியாது. 3.10 எலக்ட்ரான் வோல்ட்டையும் வாங்கிக்கொண்டால் அதற்கு 9.5×10⁻²⁵ உந்தம் வேண்டும், ஃபோட்டானிடம் அவ்வளவு ஏது? சிதறடிக்க மட்டும்தான் முடியும், 1923இல் காம்ப்டன் விளக்கியது அந்தச் சிதறலைத்தான்.

கால்குலேட்டர் பற்றி ஒரு வார்த்தை. போனில் இருப்பதை விட்டுவிடுங்கள், பத்தின் அடுக்குக்குத் தனிப் பொத்தான் உள்ள பழைய கேசியோ போதும். போனில் அடைப்புக்குறி இல்லாமல் 6.63×10⁻³⁴ ÷ 400×10⁻⁹ என்று தட்டினால் 400ஆல் வகுத்துவிட்டு அப்புறம் 10⁻⁹ஆல் பெருக்கிவிடும். விடையில் 10⁻⁴⁵ தெரிந்தால் அதுதான் காரணம்.

பின்சேர்க்கை: எலக்ட்ரானின் உந்தம் 1.2×10⁻¹⁵ என்று வருவதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். 0.82ஐ ஜூலுக்கு மாற்றாமல் அப்படியே வர்க்கமூலத்துக்குள் போட்டிருக்கிறீர்கள். ஜூல் பக்கம் போகாதீர்கள் என்று நான் சொன்னது முதல் இரண்டு படிகளுக்கு மட்டும்தான்.