ஊர்வலத்தை வருணிப்பது எப்படி? அடைமொழி தேடுபவர்களுக்கு ஒரு செய்முறை

'மாபெரும் ஊர்வலம் நடைபெற்றது. திரளான மக்கள் உற்சாகத்துடன் கலந்துகொண்டனர்.'

இந்த வரிகளைக் கோட்டாறு சவேரியார் கோயில் தேர்ப்பவனிக்கும் எழுதலாம், நாகர்கோவிலில் நடக்கும் கட்சிப் பேரணிக்கும் எழுதலாம். படிக்கிறவர் கண்ணுக்கு இரண்டிலும் எதுவுமே தெரியாது. கட்டுரை எழுதப் பழகும் பிள்ளைகளும், ஊர்ச் செய்தி எழுதத் தொடங்கியவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "நல்ல அடைமொழிகளா ஒரு பட்டியல் குடுங்க." பட்டியலைவிட, அந்தச் சொல்லைத் தெருவிலிருந்தே எடுக்கும் வழியைச் சொல்லித் தருவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்வலங்களை வைத்தே செய்து பார்ப்போம்.

படி 1: முதலில் பெயர்ச்சொல்லைச் சரியாகப் பிடியுங்கள்

ஊர்வலம், பவனி, பேரணி, அணிவகுப்பு, நடைபயணம், ஓட்டம். ஒவ்வொன்றும் தனக்கான அடைமொழியை உள்ளேயே வைத்திருக்கிறது. சுதந்திர தினத்தன்று அண்ணா விளையாட்டரங்கில் நடப்பது அணிவகுப்பு. 'அணி', 'வகுப்பு' என்ற இரண்டிலும் ஒழுங்கு இருக்கிறது. அதனால் 'ஒழுங்கான அணிவகுப்பு' என்று எழுதத் தேவையில்லை. 'மாபெரும் பேரணி'யைப் பிரித்துப் பாருங்கள்: மா, பெரும், பேர் என்று மூன்று முறை 'பெரிது' என்கிறோம். பெயர் சரியாக அமைந்தாலே பாதி அடைமொழிகள் தானாக உதிர்ந்துவிடும்.

படி 2: ஓரிடத்தில் நின்று, பார்த்ததை மட்டும் குறியுங்கள்

நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேல் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவாள். வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் பல்லக்கில் கூட வருவார்கள். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வழியாகப் போகும் அந்த ஊர்வலத்தை ரோட்டோரம் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை நோட்டில் குறித்தவை இவை:

யானையின் கால் சங்கிலி தார் ரோட்டில் உரசுகிறது. பல்லக்குத் தூக்குகிற ஒருவர் தோளில் துண்டை நாலாக மடித்து வைத்திருக்கிறார். அவர் தோள் மாற்றும்போது பல்லக்கு ஒரு கணம் சாய்ந்து நிமிர்கிறது. பழக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்.

இதில் தீர்ப்புச் சொல்லும் அடைமொழி ஒன்றுகூட இல்லை. இருக்கவும் வேண்டாம். இந்தக் கட்டத்தில் 'கம்பீரம்', 'பிரம்மாண்டம்' என்று மனம் சொல்ல வரும். அதை நோட்டில் எழுதாதீர்கள், கண்ணுக்கும் காதுக்கும் எட்டியது மட்டும் போதும்.

படி 3: வினையைப் பெயரெச்சமாக்குங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தமிழில் நல்ல, பெரிய, புதிய போன்ற அடைகள் கொஞ்சம்தான். மிச்சத்தை இரண்டு வழியில் உண்டாக்குகிறோம். ஒன்று, பெயரோடு 'ஆன' சேர்ப்பது: அழகான, கோலாகலமான, உணர்ச்சிகரமான. இவை எழுதுகிறவரின் தீர்ப்பைச் சொல்கின்றன. இன்னொன்று பெயரெச்சம், அதாவது ஒரு பெயரைக் கொண்டு முடியும் வினை. அது நடந்ததைக் காட்டும். மேலே குறித்த வினைகளை அப்படியே திருப்புங்கள்: 'ரோட்டில் உரசும் சங்கிலி', 'சாய்ந்து நிமிர்ந்த பல்லக்கு', 'செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பழக்கடைக்காரர்'. பக்தி என்ற சொல்லே இல்லாமல் பக்தி வந்துவிட்டது, கவனித்தீர்களா?

காலமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. 'நகர்ந்த பல்லக்கு' என்றால் போய்விட்டது. 'நகர்கிற பல்லக்கு' இப்போது கண்முன் இருக்கிறது. 'நகரும் பல்லக்கு' என்றால் ஆண்டுதோறும் இப்படித்தான் என்ற தொனி வரும்.

அப்புறம் எதிர்மறைப் பெயரெச்சம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். துயர ஊர்வலத்தை எழுத இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. 2017-இல் ஒக்கி புயலுக்குப் பிறகு, டிசம்பர் 7 அன்று, கடற்கரைக் கிராமங்களிலிருந்து மக்கள் திரண்டு வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் செய்தார்கள். கடலுக்குப் போனவர்களைத் தேடித் தாருங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அதை 'ஆவேசமான ஊர்வலம்' என்று எழுதினால் கோபம் மட்டும்தான் தெரியும். 'கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளிலிருந்து கிளம்பிய ஊர்வலம்' என்று எழுதிப் பாருங்கள். 'திரும்பாத' என்ற ஒரு சொல், ஏன் நடந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதை அது என்று நினைக்கிறேன்.

படி 4: ஒரே கூட்டம், வேறு வேறு நடை

மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம். முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திருநட்டாலம் வரை 12 கோயில்கள். காவி உடுத்து, கையில் விசிறியோடு, 'கோவிந்தா, கோபாலா' என்று சொல்லிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை 'வேகமான ஓட்டம்' என்றே எழுதினால் தப்பு. திருமலைப் படியிறங்கும்போது துள்ளும் கால்கள். திற்பரப்பு தாண்டியதும் ஒரே சீராக விழும் கால்கள். திருவிதாங்கோடு வரும்போது தரையை விட்டு எழாத கால்கள். எங்கே நின்று பார்த்தீர்களோ அந்த இடத்துக்குரிய சொல்லை மட்டும் எழுதுங்கள்.

படி 5: ஓசைக்கு இரட்டைக்கிளவி

குருத்தோலை ஞாயிறன்று காலையில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஓலை பிடித்தபடி பவனி வரும். காய்ந்த ஓலை சரசரக்கும், பச்சைக் குருத்து சலசலக்கும். 'சலசலக்கும் குருத்தோலைகள்' என்று எழுதினால் அது காலை நேரம், ஓலை இப்போதுதான் வெட்டியது என்பதும் கூடவே வந்துவிடும். ஒரு பத்திக்கு ஓர் இரட்டைக்கிளவி போதும்.

படி 6: நேரில் பார்க்காத ஊர்வலம்

குமரிப் பகுதி தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. இதைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் 'அனல் பறக்கும் விழிகள்', 'புயலெனப் பாய்ந்த இளைஞர்கள்' என்று போட்டுவிடுகிறார்கள். அந்த விழிகளை நாம் பார்க்கவில்லையே. தெரிந்த செய்தியையே அடையாக்குங்கள்: 'தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட மக்கள்', '1956 நவம்பர் 1 வரை காத்திருந்த மக்கள்'. அந்தத் தேதியில்தான் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

படி 7: வாய்விட்டுப் படித்து, வெட்டுங்கள்

ஒரு பெயருக்கு ஓர் அடை. இரண்டு இருந்தால் விரலால் ஒன்றை மறைத்துப் படியுங்கள். மறைத்ததால் எதுவும் குறையவில்லை என்றால் அது போகலாம்.

சரி, பல்லக்கு ஊர்வலத்துக்கு முதலில் நாம் எழுதியிருக்கக்கூடியது: 'பிரம்மாண்டமான, கண்கவர் ஊர்வலம் பக்திப்பரவசத்துடன் கோலாகலமாக நடந்தது.'

இப்போது:

'சங்கிலி ரோட்டில் உரச, அசைந்து வந்தது யானை. பின்னால், தோள் மாற்றும்போதெல்லாம் சாய்ந்து நிமிரும் பல்லக்கு. எடைபோட எடுத்த ஆரஞ்சுப் பழம் கையிலேயே இருக்க, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் கடைக்காரர். பல்லக்கு வளைவில் மறைந்த பிறகுதான் பழத்தைத் தராசில் வைத்தார்.'