பி.எஸ்சி. பிள்ளைகளை ஆய்வுக்குள் கொண்டுவருவது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கக் கல்லூரிகளுக்குப் புதிதாக உயிர்வேதியியல் எடுக்க வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, பி.எஸ்சி. பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்ய முடியுமா என்பதுதான். தாராளமாக முடியும். என் பணிக்காலம் முழுக்க அதைத்தான் செய்துவருகிறேன், என் சொந்த ஆய்வும் அதனால்தான் தேங்காமல் ஓடுகிறது. ஆனால் கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று வருகிற பிள்ளையை அப்படியே விட்டால் சீக்கிரமே ஆர்வம் வடிந்துவிடும். ஒரு செமஸ்டரில் விடை கிடைக்கிற, ஆனால் உங்களுக்கே விடை தெரியாத கேள்வியாகப் பார்த்துக் கொடுங்கள்.

நம் ஊரிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. கவுனி அரிசியை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் தண்ணீர் ஊதாவாகக் கிடக்கும், அது ஆந்தோசயனின் என்கிற நிறமி. அந்தத் தண்ணீரைக் கொட்டினால் எவ்வளவு போகிறது, அதோடே வேகவைத்தால் எவ்வளவு மிஞ்சுகிறது? பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிஎச் (அமிலத்தன்மை அளவு) 1.0, 4.5 என்று இரண்டு பஃபர், அதாவது பிஎச் மாறாமல் வைத்திருக்கிற கரைசல், நிறம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கிற ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், 520 நானோமீட்டர் ஒளியில் ஒரு அளவு, கலங்கலைக் கழிக்க 700-இல் ஒரு அளவு, அவ்வளவுதான். பிஎச் 1-இல் சிவந்து நிற்கிற அதே சாறு 4.5-இல் வெளுத்துப்போவதைக் கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளை அதற்குக் காரணம் கேட்காமல் நகராது.

சரி, அதற்கு முன்னால் கை பழக வேண்டும். துளியளவு திரவம் எடுக்கிற மைக்ரோபிப்பெட்டில் 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் எடுத்துத் தராசில் விடச் சொல்லுங்கள், 0.1 கிராம் காட்ட வேண்டும். கட்டைவிரலைச் சட்டென்று விட்டால் காற்று ஏறி எடை குறையும், மெதுவாக விட்டால் சரியாக வரும். திரும்பத் திரும்ப ஒரே எடை வருகிறவரை சாம்பிள் பக்கம் விடாதீர்கள். நோட்டில் பேனாவால் எழுதட்டும், தப்பை ஒரே கோட்டால் அடிக்கட்டும், தேதி கட்டாயம்.

அப்புறம் பஸ். கானாடுகாத்தான், பள்ளத்தூரிலிருந்து வருகிற பிள்ளைக்கு டவுன் பஸ் போய்விட்டால் வீட்டில் பதறிவிடுவார்கள், அடுத்த நாள் அனுப்பவும் யோசிப்பார்கள். அதனால் சோதனையை எங்கே நிறுத்தலாம் என்று முன்கூட்டியே பிரித்து வையுங்கள்: புரதத்தைப் படியவைக்க அம்மோனியம் சல்பேட் சேர்த்தபின் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் நொதியோடு அது வினைபுரிகிற பொருளான சப்ஸ்ட்ரேட்டைக் கலந்துவிட்டால் முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும், ஆகவே அதைக் காலையிலேயே தொடங்குங்கள்.

காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்கும் ஒருமுறை கூட்டிப்போங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953-இல் திறக்கப்பட்ட ஆய்வகம், கூப்பிடு தூரத்தில் இருந்தும் உள்ளே போய்ப் பார்க்காத பிள்ளைகள் நிறைய.

சும்மா கண்ணாடிக் குழாய் கழுவ மட்டும் பிள்ளைகளை வைத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அது பொறுக்காது. தரவு அவர்கள் எடுத்தது என்றால் போஸ்டரிலும் கட்டுரையிலும் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துகிற கோடைக்கால ஆய்வு ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்தில் ‘நல்ல மாணவி, ஒழுக்கமானவர்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்த அளவுகளை வைத்துப் போடுகிற ஸ்டாண்டர்ட் கர்வ் என்கிற ஒப்பீட்டுக் கோடு நேராக வராதபோது யாரும் சொல்லாமலே பஃபரைப் புதிதாகத் தயாரித்துத் திரும்பச் செய்தாள் என்றால், அதை எழுதுங்கள்.